வாசிப்பு, எழுத்து, விசுவாசம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூர் லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டு முன்னறையில், மாதத்தின் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை மாலைகளில் ஒரு வாசிப்புக் கூட்டம் நடக்கிறது. ஏழெட்டுப் பேர் வருவார்கள். ஐ.டி. கம்பெனியில் வேலை செய்கிற இரண்டு பேர், தையல் கடை வைத்திருக்கும் ஒரு அக்கா, எச்.ஏ.எல்.லில் ஓய்வுபெற்ற ஒரு அண்ணன், ஒரு கல்லூரி மாணவி, அப்புறம் அவ்வப்போது வந்து போகிறவர்கள். சி.எஸ்.ஐ., கத்தோலிக்கர், பெந்தெகொஸ்தே என்று கலந்துதான் இருக்கிறோம். நான் இறையியல் படித்தவள் இல்லை. ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். ஆராதனை முடிந்து டீ குடிக்கும்போதும் வாட்ஸ்அப்பிலும் திரும்பத் திரும்ப ஒரே கேள்விகள் வருவதால், பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

அக்கா, ஜெபமும் வேதவாசிப்பும் போதாதா? சிந்தனைப் பழக்கம், படைப்புப் பழக்கம் என்றெல்லாம் எதற்கு?

பிரதான கற்பனை எது என்று கேட்டவருக்கு இயேசு சொன்ன பதிலை மாற்கு 12:30இல் பாருங்கள். முழு இருதயம், முழு ஆத்துமா, முழு மனது, முழுப் பலம் என்று நான்கு வருகிறது. அவர் எடுத்துச் சொல்கிற உபாகமம் 6:5இல் இருதயம், ஆத்துமா, பலம் என்று மூன்றுதான். மனது என்ற சொல் இங்கே தனியாக வந்து உட்கார்ந்திருக்கிறது. நாம் இருதயத்தைக் கொடுக்கிறோம் என்று பாடுகிறோம், பலத்தைக் கொடுத்து அசன விருந்துக்குப் பாத்திரம் தேய்க்கிறோம். மனதை மட்டும் சீரியலுக்கும் ரீல்ஸுக்கும் விட்டுவிடுகிறோம்.

வேதவாசிப்பே ஒரு சிந்தனைப் பழக்கம்தான். ஆனால் நம்மில் பலர் அதை 'இன்றைய அதிகாரம் முடிந்தது' என்று டிக் போடுகிற வேலையாக ஆக்கிக்கொண்டோம். நானும் பல வருடங்கள் அப்படித்தான் வாசித்தேன். ஒரு வருடத்தில் வேதாகமம் முழுவதும் என்று அட்டவணை போட்டு ஓடுவேன், லேவியராகமத்தில் நின்றுபோகும். என்ன வாசித்தேன் என்று மத்தியானம் யாராவது கேட்டால் சொல்லத் தெரியாது. அந்த வெறுமைதான் என்னை இதற்குள் கொண்டுவந்தது.

"அறிவு இறுமாப்பை உண்டாக்கும்" என்று பவுலே எழுதியிருக்கிறாரே?

எழுதியிருக்கிறார், 1 கொரிந்தியர் 8:1இல். அடுத்த வார்த்தையையும் சேர்த்து வாசிக்க வேண்டும்: "அன்போ பக்திவிருத்தியை உண்டாக்கும்." விக்கிரகங்களுக்குப் படைத்த உணவைச் சாப்பிடலாமா என்ற பிரச்சினையில், எனக்குத் தெரியும் என்று சொல்லிக்கொண்டு பலவீனமான சகோதரனை மிதித்துப் போகிறவர்களிடம் பேசுகிறார். படிக்காதே என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. அதே பவுல் கடைசிக் காலத்தில் சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, துரோவாவில் விட்டுவந்த மேலங்கியையும் புஸ்தகங்களையும், விசேஷமாகத் தோற்சுருள்களையும் எடுத்துக்கொண்டு வா என்கிறார். குளிர்காலம் வருகிறது, சாவும் பக்கத்தில் இருக்கிறது. அப்போதும் புஸ்தகம் கேட்கிறார். 2 தீமோத்தேயு 4:13ஐ வாசிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

இறுமாப்பு வருகிறதா என்று பார்க்க எங்கள் கூட்டத்தில் ஒரு வழி வைத்திருக்கிறோம். வாசித்ததைப் பற்றிப் பேசும்போது, அந்தப் புத்தகத்தை வாசிக்காத ஒருவருக்கு அது புரிய வேண்டும். புரியவில்லை என்றால் பேசியவர் மறுபடி சொல்ல வேண்டும்.

நேரமே இல்லை. காலையில் ஏழு மணிக்குக் கிளம்பினால் இரவு எட்டு மணிக்குத்தான் வீடு. எங்கே உட்கார்ந்து வாசிப்பது?

இதுதான் அதிகம் வருகிற கேள்வி. கேட்கிறவர்கள் யாரும் சாக்குச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். டின் ஃபேக்டரி சந்திப்பில் பஸ்ஸுக்குள் முக்கால் மணி நேரம் நின்றவளுக்கு அந்தக் களைப்பு தெரியும்.

மாயூரம் வேதநாயகம் பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். தமிழின் முதல் நாவல் என்று சொல்லப்படும் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் வந்தது. எழுதியவர் ஒரு கத்தோலிக்கர், நீதிமன்றத்தில் முன்சீப்பாக வேலை பார்த்தவர். அவருடைய 'நீதிநூல்' 1859இல் வந்தபோது அவர் அந்த வேலையில்தான் இருந்தார். பகல் முழுவதும் வழக்குக் கட்டுகளில் தலையை விட்டவர் செய்யுளும் எழுதியிருக்கிறார். எப்படி முடிந்தது என்று அவரைக் கேட்க முடியாது. ஆனால் முழுநேர எழுத்தாளருக்குத்தான் இதெல்லாம் என்ற எண்ணத்தை அவர் எனக்குள் உடைத்துவிட்டார்.

எனக்கு உதவியது இதுதான்: பதினைந்து நிமிடம், ஒரே இடம், ஒரே நேரம். ஒரு மணி நேரம் என்று திட்டம் போட்டால் மூன்றாம் நாள் விட்டுவிடுவோம். எங்கள் வீட்டில் சம்ப்பிலிருந்து மேல் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற ஐந்தேகாலுக்கு மோட்டார் போட வேண்டும். தொட்டி நிரம்ப இருபது நிமிடம் ஆகும். அந்த இருபது நிமிடம் என்னுடையது. சமையலறை ஜன்னல் பக்கத்தில் ஒரு முக்காலி, அதன்மேல் வேதாகமம், ஒரு நோட்டு, பென்சில். போன் படுக்கையறையிலேயே இருக்கும். தண்ணீர் வழிகிற சத்தம் கேட்டால் மூடிவிடுவேன். ஒரு வசனத்தோடு நின்ற நாட்களும் உண்டு. ஆறு வருடமாக இப்படித்தான் போகிறது.

உங்களுக்கு மோட்டார் இல்லாமல் இருக்கலாம். ஏற்கெனவே தினமும் தவறாமல் நடக்கிற ஏதாவது ஒன்றோடு சேர்த்துக் கட்டுங்கள். எங்கள் தையல்கடை அக்கா, மெஷின் மேசையில் விரித்திருக்கும் கண்ணாடி ஷீட்டுக்கு அடியில் ஒரு தாள் வைத்திருக்கிறார். வாரத்துக்கு ஒரு கீர்த்தனையோ ஒரு சங்கீதமோ அதில் பெரிய எழுத்தில் இருக்கும். துணி ஓட்டும்போது கண் அதில் படாது. பாபின் மாற்றும்போது படும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை பாபின் மாற்றுவார் என்று நினைக்கிறீர்கள்? நாற்பது சங்கீதங்கள் அவருக்கு மனப்பாடம். மெட்ரோவில் போகிறவர்கள் காதில் வேதாகம ஆடியோவைப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் ஒரே அதிகாரத்தை வாரம் முழுவதும் கேளுங்கள், ஏழு அதிகாரம் ஓட்டாதீர்கள்.

எப்படி வாசிப்பது? வாசித்தது மனதில் நிற்பதே இல்லை.

கையால் எழுதுங்கள். இதற்கு ஒரு கதை சொல்ல வேண்டும்.

எங்கள் பாட்டி கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃபில் இருந்தவர். தாத்தா சுரங்கத்தில் வேலை பார்த்தார். பாட்டி ஐந்தாம் வகுப்பு. ஒவ்வொரு ஞாயிறும் கோவிலுக்குப் போய் வந்து, அடுப்பு மூட்டுவதற்கு முன்னால், தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் மூன்று வரி எழுதுவார். முதல் வரியில் வசனம் எங்கே இருக்கிறது என்று. இரண்டாவதில் தனக்குப் புரியாத ஒரு சொல். மூன்றாவதில் ஒரு கேள்வி. மாத முடிவில் அந்தத் தாள்களைக் கோணி ஊசியால் குத்தி சணலில் கோப்பார். சுரங்கம் 2001இல் மூடி, குடும்பம் பெங்களூருக்கு வந்தபோது இரும்புப் பெட்டியில் அந்தக் கட்டுகளும் வந்தன. இப்போது என்னிடம் இருக்கின்றன. தாள் மஞ்சளாகி, ஓரம் உதிர்கிறது.

ஒரு தாளில் லூக்கா 10. புரியாத சொல்: "நல்ல பங்கு." கேள்வி: "மார்த்தாள் விட்ட சமையலை யார் முடித்தது?"

அந்தக் கேள்வியை முதலில் வாசித்தபோது நான் எத்தனை பிரசங்கம் கேட்டிருப்பேன், ஒன்றிலும் இது வரவில்லையே என்று உட்கார்ந்துவிட்டேன். பதின்மூன்று பேர் பசியோடு வந்திருக்கிற வீட்டில் அடுப்பைப் பற்றி யோசிக்க அடுப்படியில் நிற்கிற ஒருவரால்தான் முடியும். மரியாள் எழுந்து போய்க் கை கொடுத்திருப்பாளா? இயேசுவே போயிருப்பாரா? உயிர்த்தெழுந்த பிறகு கடற்கரையில் மீன் சுட்டு வைத்துக் காத்திருந்தவர்தானே அவர். ஒரு ஐந்தாம் வகுப்புப் பெண் எழுதிய ஒரு வரி என்னை யோவான் 21 வரை கொண்டுபோய் விட்டது. இதைத்தான் சிந்தனைப் பழக்கம் என்கிறேன்.

ஆகவே எங்கள் கூட்டத்திலும் பாட்டியின் மூன்று வரிதான் முறை. வேறு எதுவும் எழுதத் தேவையில்லை. பதில் எழுத அவசரப்பட வேண்டாம். கேள்வியோடு ஒரு வாரம் நடந்தால் போதும்.

இன்னொன்று, ஒரு சங்கீதத்தை அப்படியே பார்த்து நகல் எடுப்பது. அச்சடித்ததை வாசிக்கும்போது கண் தாவிவிடும். எழுதும்போது ஒவ்வொரு சொல்லையும் கடந்தாக வேண்டும். சங்கீதம் 84ஐ எழுதிக்கொண்டிருந்தபோதுதான் அடைக்கலான் குருவியும் தகைவிலான் குருவியும் வேறு வேறு என்றே எனக்கு உறைத்தது. ஒன்றுக்கு வீடு, மற்றதற்குக் கூடு. தகைவிலானை ஹலசூரு ஏரிக்கரையில் இப்போதும் பார்க்கலாம். வால் பிளந்து, தண்ணீரை உரசிப் பறக்கும்.

வேதாகமத்தைத் தவிர வேறு புத்தகங்கள் வாசிக்கலாமா? கம்பன், திருக்குறள், நாவல், அறிவியல்?

வாசியுங்கள். தானியேலும் நண்பர்களும் கல்தேயரின் எழுத்தையும் பாஷையையும் கற்றார்கள். பவுல் ஏதென்ஸில் கிரேக்கக் கவிஞர்களின் வரியை எடுத்துப் பேசினார். நம் முன்னோர்களைப் பாருங்கள்: எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை வைணவக் குடும்பத்தில் பிறந்து கம்பனில் ஊறியவர். கிறிஸ்தவரானதும் அந்தக் கல்வியைத் தூக்கி எறிந்திருந்தால் 1894இல் 'இரட்சணிய யாத்திரிகம்' வந்திருக்காது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் குறவஞ்சி என்ற நாட்டிய வடிவத்தை எடுத்து 'பெத்லகேம் குறவஞ்சி' பாடினார். அதற்குள் தன் காலத்தின் புதிய வானியலையும் பூகோளத்தையும் கொண்டுவந்து வைத்தார். அறிவியல் பாடத்துக்கும் ஞாயிறு பள்ளிக்கும் நடுவே சிக்கித் தவிக்கிற நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள்.

திருக்குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் கொண்டுபோன ஜி.யு. போப் ஒரு குருவானவர். அவர் நம் ஊரில் இருந்தவர் என்பது பலருக்குத் தெரியாது. 1871 முதல் பல வருடங்கள் இங்கே பிஷப் காட்டன் பள்ளியை நடத்தினார். ரெசிடென்சி சாலை வழியாகப் போகும்போது அந்த மதிலைப் பார்த்து நினைத்துக்கொள்வேன்.

எதை விட வேண்டும், எதை வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு 1 தெசலோனிக்கேயர் 5:21 இருக்கிறது: "எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்." சோதிக்க வேண்டுமென்றால் முதலில் கையில் எடுக்க வேண்டும். சில புத்தகங்கள் உங்களுக்கு ஆகாது என்று தெரிந்தால் வைத்துவிடுங்கள், அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

என் பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும் இந்தியும்தான். எங்கிருந்து தொடங்குவது?

சீகன்பால்க் 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கியபோது அவருக்குத் தமிழில் ஒரு எழுத்தும் தெரியாது. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதிக் கற்றார். 1715க்குள் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகிவிட்டது. நம் பிள்ளைகளுக்குப் பாதி வேலை முடிந்துவிட்டது. மொழி காதில் ஏற்கெனவே இருக்கிறது.

சங்கீதம் 23இலிருந்து தொடங்குங்கள். ஆறே வசனம், பெரும்பாலும் மனப்பாடமாக இருக்கும். தெரிந்த வரியில் எழுத்தைத் தேடுவது பிள்ளைக்கு விளையாட்டு. 'கர்த்தர்' என்ற சொல்லில் வரும் 'ர்' இன்னும் எங்கெல்லாம் வருகிறது என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு ஒரு வசனம், ஒரு எழுத்து. வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் இந்த வேலையை அவர்களிடம் கொடுங்கள்.

பழைய மொழிபெயர்ப்பு கடினமாக இருக்கிறது என்பார்கள், சரிதான். பிள்ளைகளுக்கு எளிய மொழிபெயர்ப்பில் கதையை வாசித்துக் காட்டிவிட்டு, பழையதில் ஒரு வசனத்தை மட்டும் சத்தமாகச் சொல்ல வையுங்கள். "வாஞ்சித்துக் கதறுவதுபோல" என்ற ஓசை ஒரு தடவை வாயில் ஏறிவிட்டால் போகாது.

கன்னட நாட்டில் இருந்துகொண்டு தமிழ், தமிழ் என்று இருப்பது சரியா?

கன்னடமும் கற்றுக்கொள்ளுங்கள், மனதாரச் சொல்கிறேன். பாசல் மிஷனைச் சேர்ந்த கிட்டல் பாதிரியாரின் கன்னட–ஆங்கில அகராதி 1894இல் வந்தது. கன்னடர்கள் இன்றும் அவரை நன்றியோடு நினைக்கிறார்கள். நம்மவர்கள் நிறைய வசிக்கும் ஆஸ்டின் டவுனுக்குக் கிட்டல் நகர் என்று அவர் பெயர்தான் வைத்தார்கள். பக்கத்து வீட்டாரின் மொழியில் ஒரு சங்கீதம் வாசிக்கத் தெரிவதும் அன்புதான்.

எனக்குக் கற்பனைத் திறமை இல்லை. எழுத்து, ஓவியம் எல்லாம் வரம் பெற்றவர்களுக்குத்தானே?

வேதாகமத்தில் "தேவ ஆவியினால் நிரப்பினேன்" என்று கர்த்தர் பெயர் சொல்லி அழைக்கிற முதல் மனிதர் யார் தெரியுமா? பெசலெயேல். யாத்திராகமம் 31. தீர்க்கதரிசி இல்லை, ஆசாரியர் இல்லை. பொன், வெள்ளி, வெண்கலம், கல், மரம் இவற்றில் வேலை செய்கிற கைத்தொழிலாளி. ஆவி அவர்மேல் வந்தது ஆசரிப்புக் கூடாரத்தின் சாமான்களைச் செய்வதற்கு.

ஆகவே 'படைப்பு' என்றதும் கவிதை மட்டும் என்று நினைக்காதீர்கள். அறுப்பின் பண்டிகைக்குக் காய்கறிகளை அடுக்குவது, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குப் பழைய துணியில் யோசேப்பின் பலவருண அங்கி தைப்பது, கிறிஸ்துமஸுக்கு மூங்கில் பிளந்து நட்சத்திரம் கட்டுவது எல்லாம் அதில் சேரும். கடையில் ரெடிமேட் ஸ்டார் வாங்கி மாட்டுகிறோம். போன டிசம்பரில் எச்.ஏ.எல். அண்ணன் பேரனோடு உட்கார்ந்து ஒன்று கட்டினார். இரண்டு நாள் ஆனது, ஒரு முனை கோணல். அந்தப் பையன் தெருவில் போகிற எல்லோரையும் நிறுத்திக் காட்டினான்.

பாட்டு எழுதுகிறேன். ஆனால் எல்லாம் ஒரே மாதிரி வருகிறது. என்ன செய்யலாம்?

உங்கள் பாட்டுகளை எடுத்து, கிருபை, மகிமை, வல்லமை, அபிஷேகம் இந்த நான்கையும் அடித்துவிட்டுப் பாருங்கள். என்ன மிச்சம் இருக்கிறது? அந்தச் சொற்கள் தவறு என்று சொல்லவில்லை. ஆனால் கண்ணால் பார்க்கிற ஒரு பொருளாவது பாட்டில் இருக்க வேண்டும். சங்கீதக்காரர்களைப் பாருங்கள்: வனாந்தர நாரை, வீட்டின்மேல் தனித்திருக்கும் குருவி, கண்ணீரை வைக்கும் துருத்தி. அவர்கள் தங்கள் ஊரைப் பார்த்து எழுதினார்கள்.

2024 கோடையில் பெங்களூர் தண்ணீருக்குத் தவித்தது உங்களுக்கு நினைவிருக்கும். எங்கள் மாணவி அப்போது சங்கீதம் 42ஐ வைத்து எழுதிய வரிகளில் மான் இல்லை. டேங்கர் லாரி வருமா என்று ராத்திரி பதினொரு மணிக்கு வாசலில் வரிசையாகக் குடம் வைத்துக் காத்திருக்கும் தெரு இருந்தது. லாரியின் ஹாரன் தூரத்தில் கேட்கும்போது எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்திருப்பது இருந்தது. அவள் அதை வாசித்தபோது யாரும் பேசவில்லை.

இரண்டாவது, கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள். எரேமியாவின் புலம்பலை எடுத்தால், ஊரே எரிந்துபோன துக்கத்தில் எழுதியது, ஆனால் எபிரெய அகரவரிசைப்படி ஒவ்வொரு எழுத்தாக நடக்கிறது. முதல் அதிகாரத்தில் 22 எழுத்துக்கு 22 வசனம். சங்கீதம் 119 அதே முறையில் எழுத்துக்கு எட்டு வசனம், மொத்தம் 176. துக்கத்துக்கு ஒரு படிக்கட்டு கட்டிக் கொடுத்தது போல எனக்குப் படும். நமக்கும் ஆத்திசூடி இருக்கிறதே! அ முதல் ஔ வரை பன்னிரண்டு வரி, ஒவ்வொரு வரியும் அந்த எழுத்தில் தொடங்க வேண்டும், ஆண்டவரிடம் பேச வேண்டும். எங்கள் கூட்டத்துக்கு வருகிற ஒரு அம்மா, கணவரை இழந்த வருடத்தில் இதை எழுதத் தொடங்கினார். ஓ வரை வந்து நின்றுவிட்டார். ஔவில் சொல்லே இல்லை என்றார். மூன்று வாரம் ஆனது. பிறகு ஒரு நாள் நோட்டைத் திறந்து காட்டினார். "ஔடதம் எல்லாம் அலமாரியில் அப்படியே இருக்கிறது, ஆண்டவரே." இலவசமாகக் கிடைக்கும் சொல்லாக இருந்திருந்தால் அந்த வரி அவருக்கு வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

ஏ.ஐ.யிடம் பாட்டோ ஜெபமோ எழுதச் சொல்லலாமா?

சொல்லுக்கு அர்த்தம் தேட, ஒரு வரலாற்றுச் செய்தி எங்கே இருக்கிறது என்று பார்க்கப் பயன்படுத்துங்கள். கிடைத்ததைப் புத்தகத்தில் சரிபாருங்கள். உங்கள் ஔ வரியை அதனிடம் கேட்காதீர்கள்.

கேள்வி கேட்டால் விசுவாசம் குறைந்துவிட்டது என்கிறார்கள்.

எனக்கு இருபத்திரண்டு வயதில் ஒரு வேதபாட வகுப்பில் ஆதியாகமத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்டேன். நடத்தியவர் எல்லோர் முன்னாலும், "தங்கச்சி, இன்னும் கொஞ்சம் உபவாசித்து ஜெபிக்கணும்" என்றார். எட்டு வருடம் நான் எங்கேயும் வாய் திறக்கவில்லை. அந்த எட்டு வருடமும் என் விசுவாசம் வளரவில்லை, ஒளிந்துகொண்டிருந்தது. இதனால்தான் இந்த விஷயத்தில் எனக்குப் பொறுமை குறைவு.

மரியாள் தேவதூதனிடமே "இது எப்படியாகும்?" என்று கேட்டாள். ஆபகூக் "எதுவரைக்கும்" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காவலில் தரித்து நின்றார். தோமாவைச் சந்தேகக்காரர் என்கிறோம். அவர் வந்த மண் என்று நாம் பெருமைப்படுகிறோம், அவருடைய கேள்விக்கு மட்டும் இடம் கொடுக்க மாட்டோமா?

கேள்வியைத் தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள். ஒரு மாதம் அதோடு இருந்து, சம்பந்தப்பட்ட பகுதிகளை நாலைந்து தடவை வாசியுங்கள். அப்புறமும் போகவில்லை என்றால், உங்களைச் சின்னவராக்காத ஒரு பெரியவரிடம் கொண்டுபோங்கள். உங்கள் போதகரே அப்படிப்பட்டவராக இருக்கலாம். கேட்டுப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள்.

எனக்கு 58 வயது. இனிமேலா?

வீரமாமுனிவர் முப்பது வயதைத் தாண்டித்தான் தமிழ் மண்ணில் கால் வைத்தார். அதற்குப் பிறகு மொழியைக் கற்று, 3615 பாடல்கள் கொண்ட 'தேம்பாவணி'யை எழுதி, 'சதுரகராதி'யைத் தொகுத்தார். போப்பின் திருக்குறள் மொழிபெயர்ப்பு வந்த 1886இல் அவருக்கு 66 வயது. திருவாசகம் வந்த 1900இல் 80. நீங்கள் சின்னப் பிள்ளை.

போனை என்ன செய்வது?

அடுத்த அறையில் வையுங்கள். பதினைந்து நிமிடத்துக்கு அவ்வளவு போதும். கூடவே, சபை குரூப்பில் வருகிற அற்புதச் செய்திகளைச் சோதிக்காமல் அனுப்பாதீர்கள். பொய்யைப் பரப்புவது, அதில் இயேசுவின் பெயர் இருந்தாலும், பொய்ச்சாட்சிதான்.

தமிழ்ப் புத்தகங்கள் பெங்களூரில் எங்கே கிடைக்கும்?

ஹலசூரு ஏரிக்குப் பக்கத்தில் பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் 1950 முதல் இருக்கிறது. அங்கே நூலகம் உண்டு. சர்ச் ஸ்ட்ரீட் பழைய புத்தகக் கடைகளில் பொறுமையாகத் தேடினால் சில சமயம் தமிழும் மாட்டும். இறையியல் ஆய்வு செய்கிறவர்கள் மில்லர்ஸ் சாலையில் 1910இல் தொடங்கிய ஐக்கிய இறையியல் கல்லூரியின் நூலகத்தில் அனுமதி கேட்டுப் பாருங்கள். 'தேம்பாவணி', 'பிரதாப முதலியார் சரித்திரம்' போன்ற பழைய நூல்கள் மதுரைத் திட்டத்தில் இணையத்தில் இலவசம். உங்கள் வீட்டுப் பரணையும் பாருங்கள். தாத்தாவின் கீர்த்தனைப் புத்தகம், ஓரத்தில் அவர் எழுதிய குறிப்போடு, அங்கேயே கிடக்கலாம்.

உங்கள் கூட்டத்துக்கு வரலாமா? என்ன கொண்டுவர வேண்டும்?

வாருங்கள், கட்டணம் எதுவும் கிடையாது. வேதாகமம், ஒரு நோட்டு, ஒரு பென்சில். எந்த மொழிபெயர்ப்பாக இருந்தாலும் பரவாயில்லை. நாலரைக்குத் தொடங்குவோம், முதல் இருபது நிமிடம் யாரும் பேச மாட்டோம், எழுதுவோம். பிறகு மூன்று வரிகளை ஒவ்வொருவராக வாசிப்போம், வாசிக்க விருப்பமில்லாதவர் வாசிக்க வேண்டாம். ஆறு மணிக்கு டீயும் தையல்கடை அக்கா கொண்டுவரும் முறுக்கும். இப்போது சங்கீதம் 119இல் எழுத்துக்கு எழுத்து போய்க்கொண்டிருக்கிறோம். 'மேம்' முடித்துவிட்டோம். அடுத்த சனிக்கிழமை 'நூன்', 105ஆம் வசனத்திலிருந்து.